மலைமேல் பூட்டிய பள்ளி

வைத்தியலிங்கம் மடத்துக்கு வந்தபோது, சாமி சமையற்கட்டில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

வயதில் சாமிதான் சின்னவர். வைத்தியலிங்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பேரன் பேத்தி எடுத்தவர். ஆனாலும் மனசு கனத்துப்போனால் சாமி முன்னால் வந்து கொட்டினால்தான் அவருக்கு ஆறும்.

"நேபாளத்துப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டாங்க, சாமி" என்றார்.

சாமி அவரை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவருக்கு அந்தத் துக்கத்திலும் கண் சும்மா இருக்கவில்லை. நார் எடுக்காமல் நறுக்குகிறீர்களே, இப்படிக் கொடுங்கள் என்று கத்தியை வாங்கிக்கொண்டார். சாமி மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

வட்டம் வட்டமாக அரிந்து, நாரை விரலில் சுற்றியபடியே வைத்தியலிங்கம் சொன்னார்.

போன வருஷம் தொண்டு நிறுவனம் ஒன்று அவரை அங்கே அனுப்பியது. சம்பளம் கிடையாது. ஓடு வேய்ந்த ஒரே அறை, எல்லா வகுப்புக்கும் ஒரே உள்ளூர் வாத்தியார். கணக்கு முடித்த பிள்ளைகள் சிலேட்டோடு அந்த வாத்தியார் முன்னால் வரிசையில் நிற்பார்கள். அவர் பார்த்துவிட்டு, சுண்ணாம்புக்கட்டி ஒட்டிய கட்டைவிரலை ஓரத்தில் அழுத்துவார். விரல் பதியாத சிலேட்டை எந்தப் பிள்ளையும் அழிக்காது.

ஒருநாள் அந்த வாத்தியார் கரும்பலகையில் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த வைத்தியலிங்கத்துக்குக் கை துறுதுறுத்தது. எழுந்து போய், அழித்து, சரியாகப் போட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். உள்ளூர் வாத்தியாரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் வரிசை வைத்தியலிங்கத்தின் முன்னால் நின்றது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யார் கணக்குக் கேட்டார்கள்? கட்டைவிரலில் சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டு ஒவ்வொரு சிலேட்டிலும் அழுத்தினார்.

"அப்ப அவரு என்ன பண்ணினாரு?" என்று சாமி கேட்டார்.

"மேசைக்குப் பக்கத்துல உட்கார்ந்திருப்பாரு. மணி அடிப்பாரு. மத்தியானம் பிள்ளைங்களுக்குச் சோறு போடுவாரு." விரலில் சுற்றிய நாரை உருவிப் போட்டார். "நல்ல மனுஷன், சாமி. ஒரு வார்த்தை மனசு கோணப் பேசினதில்ல."

ஆறு மாதம் முடிந்து கிளம்பிய அன்று ஊரே பஸ்ஸுக்கு வந்து அழுததாம். இவரும் அழுதார். அதன்பிறகு பிள்ளைகள் சிலேட்டை உள்ளூர் வாத்தியாரிடம் நீட்டவேயில்லை. இந்தியா சார் வரட்டும் என்றார்கள். சிலர் பள்ளிக்கு வருவதையே விட்டார்கள். அவர் சில மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சாவியை ஊர்ப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு, பட்டணத்தில் ஒரு ஹோட்டலுக்குக் காவல்காரராகப் போய்விட்டார். அடுத்த பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம். சின்னப் பிள்ளைகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. எல்லாம் வீட்டில் கிடக்கிறார்கள் என்று, அனுப்பிவைத்தவர்கள் நேற்றுதான் போனில் சொன்னார்கள்.

வைத்தியலிங்கத்தின் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார். சாமியின் கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. கத்தியை வாங்கியதிலிருந்து அப்படியேதான் கிடந்தன போலிருக்கிறது. மெல்லக் கத்தியைக் கீழே வைத்தார். சாமி அதை எடுக்கவில்லை.

"நல்லது செய்யத்தானே போனேன், சாமி?"

"ஆமா."

"பிள்ளைங்க என்ன பாவம் பண்ணினாங்க?"

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வைத்தியலிங்கம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அழுகை அடங்கவில்லை. பழையபடி அந்தப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்க்காமல் தன் கட்டை வேகாது என்று தோன்றியது.

"நான் திரும்பிப் போறேன், சாமி. வீட்டுல சொல்லிட்டேன். இந்தத் தடவை ஆறு மாசத்துல வர்ற பேச்சே இல்ல. சாகுற வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துலயே இருந்துடறேன். நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்."

சாமி அவரை வெகுநேரம் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"அந்த வாத்தியாரும் அப்படி நினைச்சுத்தான் இருந்தாரு, ஐயா."