நகம் பட்ட பூசணி

தப்பு செய்தவன் செங்கோடன். கேட்பவர்களே, அவன் பெயரை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு அவன் பசியோடு வருவான். நீங்கள் இரக்கப்பட்டுவிடக் கூடாது.

ஆற்றுக்கு யாரும் அணை கட்டாத காலம் அது. பெரிய ஆற்றின் நடுவே ஒரு திட்டு, அதன் மேட்டில் ஆறே ஆறு வீடு. செங்கோடன் அங்கே தலைவன். பேச்சிமுத்து அங்கே பூசணி போட்டவன். வருஷம் ஒருமுறை வெள்ளம் வந்து நாற்பது நாள் திட்டைச் சுற்றி நிற்கும். அந்த நாற்பது நாளும் பேச்சிமுத்துவுக்கும் மனைவி காத்தாயிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கேழ்வரகும் பூசணியும்தான் உயிர்.

அந்த வருஷம் சரிவில் ஓடிய கொடியில் பன்னிரண்டு காய்.

திட்டில் நல்ல வெயில். ஆனால் மேற்கு மலையில் இடி. ஆற்றுத் தண்ணீர் கலங்கிச் சிவந்தது. நாலு நாளில் வெள்ளம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தத் திட்டில் ஒரு வழக்கம். தலைவன் வந்து கட்டைவிரல் நகத்தால் காயைக் குத்திப் பார்க்க வேண்டும். நகம் இறங்காவிட்டால்தான் அறுக்கலாம்.

முதல் நாள் செங்கோடன் வந்தான். குத்தினான். நகம் இறங்கியது, நீர் கசிந்தது.

"தலைவரே, காம்பைப் பாருங்கள், போதும். காம்பு காய்ந்து கட்டையானால் காய் முற்றிவிட்டது. குத்தினால் காய் புண்ணாகும்" என்றான் பேச்சிமுத்து.

"காம்பு பேசுமா? என் பாட்டன் நகம் தீர்ப்புச் சொன்ன ஊர் இது. தள்ளி நில்லடா."

ஒன்பது காயைக் குத்திவிட்டு, விரல் வலிக்கிறதென்று போய்விட்டான். பேச்சிமுத்து மிச்சம் மூன்றையும் வைக்கோல் போட்டு மூடினான்.

இரண்டாம் நாள் வந்தான். அதே ஒன்பதைக் குத்தினான். நகம் இறங்கியது.

மூன்றாம் நாள் வந்தான். குத்தினான். அன்றும் இறங்கியது. சரிவின் அடியைத் தண்ணீர் தொட்டிருந்தது.

"இருக்கட்டும், அறுத்துவிடு. ஆறு கொண்டுபோய்விடும்" என்றான் செங்கோடன்.

"பச்சைக் காய் பத்து நாள் தாங்காது, தலைவரே. நாளை ஒரு வெயில் பார்த்துவிடலாம்."

"என்னடா, காய்க்கு முகூர்த்தமா பார்க்கிறாய்? மேளக்காரனுக்குச் சொல்லிவிட்டாயா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். செங்கோடன் தானே ஒன்பதையும் அறுத்தான். தன் வீட்டுப் பரண்தான் உயரம் என்று சொல்லி ஒன்பதையும் அங்கேயே ஏற்றிவிட்டான்.

நாலாம் நாள் பேச்சிமுத்து வைக்கோலை விலக்கினான். காம்பில் இன்னும் ஒரு பச்சைக் கோடு. இப்போது அறுத்தால் அழுகும். விட்டால் ஆறு தின்னும். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

வெயில் ஏறியது. தண்ணீரும் ஏறியது. அவன் கணுக்கால் நனைந்தது. எழுந்து நின்றான். முழங்கால் நனைந்தது.

மேட்டிலிருந்து காத்தாயி கத்தினாள்: "மூன்று காய்க்கு என் தாலியை விலை பேசுகிறீரோ? ஏறி வாருமய்யா!"

"இரு புள்ளே, இன்னும் கொஞ்சம்!"

உச்சிப்பொழுதில் பச்சைக் கோடு மறைந்தது. விரலால் தட்டினான், காம்பு கட்டை போல இருந்தது. நாலு விரல் காம்பு விட்டு அறுத்தான். ஒன்றைச் சுமந்து ஏறினான். இரண்டாவதைச் சுமந்து ஏறினான். மூன்றாவதைத் தூக்கியபோது தண்ணீர் இடுப்பில். அவன் கால் மேட்டில் பட்டது, பின்னால் கொடி வேரோடு போனது.

வெள்ளம் சூழ்ந்த பதினைந்தாம் நாள் செங்கோடன் பரணில் நாற்றம். ஒன்பது காயும் நகம் பட்ட இடத்திலிருந்தே அழுகியிருந்தன. பேச்சிமுத்துவின் மூன்று காயில் ஒரு பொட்டு அழுகல் இல்லை.

முப்பதாம் நாள் செங்கோடன் பேச்சிமுத்துவின் வாசலில் வந்து நின்றான். "ஒரு கீற்று கொடு, முத்து."

"கொடுக்காதீர்!" என்றாள் காத்தாயி.

பேச்சிமுத்து வீட்டுக்குள் பார்த்தான். பிள்ளைகள் அன்று தின்றிருந்தார்கள். ஒரு கீற்று அரிந்து கொடுத்தான்.

செங்கோடன் வாங்கினான், தின்றான், வாயைத் துடைத்தான், போனான். 'தப்பு என்னுடையது' என்று சொல்லவில்லை. வெள்ளம் வடிந்த பிறகும் சொல்லவில்லை. சாகும்போதும் சொல்லவில்லை. அவன் வம்சத்தில் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் இன்னும் பாக்கி.

பெரியவர்களே, பிள்ளைகளே, பதம் வரும்வரை கையை அடக்கத் தெரிந்தவனுக்குத்தான் விளைச்சல் உணவாகும்.