தேங்காய் போடாத அவியல்

தென்காசிக்கு மேற்கே ஒரு மடம். வருகிறவர்களுக்கெல்லாம் மத்தியானச் சோறு போடுகிற மடம். அதை நடத்தியவர் உலகம்மை அம்மாள். ஐம்பது வயசுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் தலைநரைத்தவர்களும் வாயை மூடிக்கொண்டு யோசிப்பார்கள்.

அவருடைய சீடர்களில் வயசில் மூத்தவர் பிறவிப்பெருமாள். பாத்திரக்கடைக்காரர். கடை இருந்தவரைக்கும் மடத்துப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. கடையை மூடினார், மறுநாளே வந்து உட்கார்ந்தார். பந்தி பரிமாறுவார், அம்மாள் பேசினால் கேட்பார்.

பிள்ளை குட்டி இல்லை. அவரும் மனைவி ஆவுடையம்மாளும்தான். ஆஸ்தி என்று இருந்தது ஒரு தென்னந்தோப்பு. ஆள் பிடித்துக் காய் வெட்டவும் தண்ணீர் பாய்ச்சவும் அவருக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. தோப்பை மடத்துக்கு எழுதிக் கொடுத்தார். மடம் பதிலுக்கு ஒரு வாக்குக் கொடுத்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் கடைசி ஆள் கண்ணை மூடும்வரை, மாதம் பிறந்தால் அரிசியும் செலவுக்குப் பணமும் கொடுக்கும். அதற்கு அங்கே ஆயுள்படி என்று பேர். மாதப் பிறப்பன்று பந்தியில் எல்லோரும் பார்க்கப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு கொடுப்பார்கள். அது மடத்து வழக்கம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அண்ணன் மகன் குற்றாலிங்கம் வாயைத் திறக்கிறவரை. தோப்பு தனக்குத்தான் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தவன் அவன். ஒரு வளைகாப்பு வீட்டில், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னான்:

"எங்க சித்தப்பா தோப்பையும் குடுத்துட்டு, மாசாமாசம் மடத்துல கையும் ஏந்துதாரு."

வீடே சிரித்தது. பிறவிப்பெருமாளுக்கு மானம் போய்விட்டது. ஆயுசு முழுக்கக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாழ்ந்த மனுஷன். எவனிடமும் கை நீட்டியதில்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதப் பிறப்புக்கும் அவர் மடத்துக்குப் போகவில்லை. வீட்டில் அரிசிப் பானை அடி தட்டியது. ஆவுடையம்மாள் ராத்திரிக்குக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள். முட்டுவலி மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டாள். சமாசாரம் குற்றாலிங்கம் காதுக்கும் எட்டியது.

"நம்ம வீட்டுக்கு வந்திருங்க சித்தப்பா. பின்கட்டு சும்மாதான் கிடக்கு. நாங்க வெளிய போனா வீட்டைப் பாத்துக்கிட்டாப் போதும். மாசம் பொறக்கிற அன்னைக்குக் கார் கொண்டாரேன்."

"இந்த வயசுல அவன் வீட்டுக்குக் காவல் கிடக்கவா?" என்றாள் ஆவுடையம்மாள். "நான் வரலை. போனா நீங்க போங்க." சொல்லிவிட்டு அழுதாள்.

அவருக்கும் அழுகைதான் வந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. மாதப் பிறப்புக்கு முந்தின நாள் மடத்துக்குப் போனார். அம்மாள் அவியலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, குடுத்துட்டுத் திரும்ப வாங்கினா அது தர்மமா?"

"ஏன் அண்ணாச்சி கேக்கீங்க?"

"ஊரு சிரிக்குது. படி எனக்கு வேண்டாம். தோப்பு மடத்துக்கே இருக்கட்டும். அப்பதான் அது முழு தர்மம்."

"சரி, அப்படியே செஞ்சிருவோம். நாளைக்கு மதினியக் கூட்டிட்டுச் சாப்பிட வாங்க."

இவ்வளவு சுளுவாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை. இரண்டு வார்த்தை மறுத்துப் பேசுவார் என்று பார்த்தார். லேசாக வருத்தம்கூட வந்தது.

மறுநாள் பந்தி நிறைந்துவிட்டது. ஆண்கள் வரிசையில் பிறவிப்பெருமாள், எதிரே பெண்கள் வரிசையில் ஆவுடையம்மாள். அவியல் வந்தது. வாயில் வைத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேங்காய் இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை. அந்தப் பக்கத்தில் தேங்காய் இல்லாமல் அவியல் வைத்தால் சம்பந்தமே முறிந்துவிடும்.

"என்னவே இது? காய வேக வச்சுக் கொட்டிட்டீரா?" என்று ஒருவர் சமையல்காரரைப் பிடித்தார்.

"என்னை ஏசாதீங்க. அம்மா உத்தரவு."

பிறவிப்பெருமாள் உக்கிராண அறையை எட்டிப் பார்த்தார். அவர் தோப்புக் காய், கூரை முட்டக் குவிந்து கிடந்தது. பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழக்கூடாது என்பதுகூட மறந்து எழுந்துவிட்டார்.

"அம்மா! அம்புட்டுக் காய் கிடக்கு. ஏன் போடலை?"

"அது உங்க காயில்லா அண்ணாச்சி."

"என் காயா? நான்தான் குடுத்துட்டேனே!"

"நீங்க ஒரு வாக்குக் குடுத்தீங்க. நாங்க ஒரு வாக்குக் குடுத்தோம். ரெண்டும் சேந்துதான் தோப்பு கைமாறிச்சு. எங்க வாக்க நிறைவேத்த நீங்க விடமாட்டேங்கீங்க. பெறகு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க காயத் துருவ?"

"நான் மனசாரத்தானே வேண்டாங்கேன்?"

"நீங்க குடுத்தவரு. நாங்க யாரு? குடுக்கேன்னு சொல்லிட்டுக் குடுக்காதவங்க. அந்தக் கெட்ட பேர எங்க தலையில கட்டிட்டு, தர்மவான் பட்டத்த நீங்க மட்டும் வச்சுக்கிடுதீங்க."

பிறவிப்பெருமாள் மறுபடி இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நல்லாக் கேளுங்கம்மா" என்றாள் ஆவுடையம்மாள் எதிர்வரிசையிலிருந்து. "நான் சொன்னா அவருக்குக் காதுலயே ஏறலை."

பந்தி சிரித்தது. வாசலில் கார் சத்தம் கேட்டது. குற்றாலிங்கம் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தான்.

"கிளம்புவோமா சித்தப்பா? மூட்டை முடிச்சுக் கட்டியாச்சா?"

பிறவிப்பெருமாள் அவனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இரண்டே மாதத்தில் அவள் கழுத்தெலும்பு தெரிய இளைத்துப்போனது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. தொண்டையைச் செருமினார். கடையை மூடியபின் வெளியே வராத குரல் ஒன்று வந்தது.

"எங்க பேரக் கூப்பிடுங்கவே! விட்டுப்போன மாசத்துக்கும் சேத்துக் கூப்பிடுங்க!"

கூப்பிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பந்தி நடுவே சேர்ந்து வந்து நின்றார்கள். அம்மாள் தாம்பாளத்தை நீட்டினார். பிறவிப்பெருமாள் இரண்டு கையாலும் வாங்கி, எல்லோரும் பார்க்கட்டும் என்று தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். பெண்கள் வரிசையில் யாரோ குலவை போட, வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. ஆவுடையம்மாளும் போட்டாள். என்ன சத்தம்! அடுப்படியில் தேங்காய் உடைகிற ஓசைகூட அதில் அமுங்கிப்போனது.

குற்றாலிங்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது.

"நல்லா ஏமாறுங்க சித்தப்பா. நீங்க ரெண்டு பேரும் எப்பச் சாவீங்க, எப்பப் படிய நிறுத்தலாம்னு காத்துக்கிட்டு இருக்காங்க."

குலவை நின்றுவிட்டது. அவன் விருட்டென்று வெளியேறி, காரைக் கிளப்பிக்கொண்டு போனான். ஆனால் அவன் சொன்னது மட்டும் போகவில்லை. பிறவிப்பெருமாள் தாம்பாளத்தை மார்போடு பிடித்தபடி நின்றார். ஆயிரம்தான் இருந்தாலும் வியாபாரி.

"அம்மா, அவன் சொல்லுததுலயும் ஒரு நியாயம் இருக்கே. நாங்க சீக்கிரம் போனா மடத்துக்கு லாபம். நூறு வயசு இருந்தா நஷ்டந்தானே?"

"நஷ்டந்தான்" என்றார் அம்மாள். "நூறு வயசு இருந்து எங்களத் தோக்கடிங்க அண்ணாச்சி. அப்படித் தோக்குறதுக்குத்தான் மடம் கட்டி வச்சிருக்கு."