கழுத்தில்லாத தலைவர்

ஏரியை ட்ரோனில் படமெடுத்து வரைபடமாக்க பெனாசிர் வந்திருந்தாள். பேரூராட்சித் தலைவர் வடமலையான் கூட்டத்திலேயே உறுமினார்: "ஒரே இடத்தை ரெண்டு தடவை எடுத்து நேரத்தை வீணாக்கினே, வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன்!"

"சரிங்கய்யா. முதல்ல உங்களையே அப்படி, எந்த இடத்தையும் ரெண்டாவது தடவை எடுக்காம, எடுத்துப் பார்க்கலாம்."

தலைவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். முகம், வயிறு, கால் என்று தனித்தனியாக எடுத்து, ஒட்டித் திரையில் போட்டாள். முகம் நேராகத் தொப்பைமேல் உட்கார்ந்திருந்தது. கவுன்சிலர்கள் நாற்காலியோடு சிரித்துக் குலுங்கினார்கள்.

"என் கழுத்து எங்கேம்மா?"

"ரெண்டு படத்துக்கும் நடுவுல விட்டுப்போச்சுங்கய்யா. ஒரு படத்துல இருக்கிறதுல பெரும்பகுதி அடுத்ததுலயும் வந்தாத்தான், எதோட எதை ஒட்டணும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். இல்லேன்னா ஏரிக்கரையும் இப்படித்தான் காணாமப் போகும்."

தலைவர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஏரியை எத்தனை தடவை வேணும்னாலும் எடு தாயி. அதுக்கு முன்னால என்னை ஒருதடவை முழுசா எடுத்துடு!"