உப்புச் சாடியின் மூடி

மடத்துப் பதிப்பறையில் மெய்ப்புத் திருத்துபவர் குழைக்காதர். வயது ஐம்பத்திரண்டு. இலக்கணத்தில் புலி. திருவிழா மலர் அன்று நண்பகலுக்குள் அச்சகம் சேராவிட்டால், மறுநாள் முதல் அவருக்குக் காய் நறுக்கும் பணி என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

கணினியில் மலரைத் திறந்தால் எழுத்துகள் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள்.

தமக்குக் கணினி கற்பித்த பரஞ்சோதி அடிகளிடம் போனார்.

“சாமி, எந்த எழுத்துரு வேண்டுமென்று அமைப்புக் கோப்பில் பன்னிரண்டு முறை எழுதிவிட்டேன். பக்கம் அமைக்கும் நிரல் மதிக்கவில்லை.”

“இருக்கட்டும். எனக்கு இரத்த அழுத்தம். உப்பு வேண்டாமென்று சமையலறைக்கு ஒரு சீட்டு எழுதும்.”

குழைக்காதர் ‘உப்பு வேண்டாம்’ என்று எழுதி, சமையலறையின் முன்கதவில் ஒட்டினார். பொங்கல் வந்தது. உப்புக் கரித்தது.

ஒற்றுப்பிழை உண்டா என்று சரிபார்த்து, சிவப்பு மையில் பெரிதாக எழுதி மீண்டும் ஒட்டினார். சட்னி வந்தது. அதுவும் கரித்தது.

“பவுனம்மா, உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?”

சமையற்காரர் பவுனம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “நான் கிணத்தடி வாசல்ல வர்றவ. முன்கதவுல நீங்க காவியமே எழுதினாலும் நான் எங்க பாக்கப் போறேன்?”

“பிறகு எங்கே ஒட்டுவது?”

“உப்புச் சாடி மூடியில ஒட்டுங்க. அதைத் தொடாம எனக்குச் சமையல் ஏது?”

சீட்டை மூடியில் ஒட்டினார். நிரல் எந்த வாசலில் வருகிறது என்று பார்க்க, அப்படியே பதிப்பறைக்கு விரைந்து, அந்த நிரலின் கையேட்டை முதன்முறையாகப் பிரித்தார். நிரல் முதலில் பயனரின் சொந்தக் கோப்புறையில் தேடும். அங்கு இல்லையென்றால் கணினிக்கே பொதுவான கோப்பைத் திறக்கும். அவர் பன்னிரண்டு முறை எழுதியது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கோப்பில்.

பொதுக் கோப்பே கௌரவமானது என்று கருதி அதில் எழுதினார். கட்டங்கள் எழுத்துகளாயின. பதினொன்றே காலுக்கு மலர் அச்சகம் போய்ச் சேர்ந்தது.

மதியப் பந்தியில் நாற்பது பேர். சாம்பாரில் உப்பில்லை, கூட்டில் உப்பில்லை, மோரிலும் இல்லை. நாற்பது பேரும் குழைக்காதரைப் பார்த்தார்கள். அதே கணினியைப் பயன்படுத்தும் நூலகர், தம் பட்டியலின் எழுத்துகளெல்லாம் காலை பதினொரு மணியிலிருந்து உருமாறிக் கிடப்பதாகவும் முறையிட்டார்.

“இம்முறை சரியான இடத்தில்தானே ஒட்டினேன், சாமி?”

அடிகள் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினார்.

“எனக்கு அருமையாக இருக்கிறது. யாருக்கு வேண்டாமென்று எழுதினீர்?”