கறுப்பியின் முட்டை

"எனக்கு உத்தரவு தாங்க அம்மா. நானும் நாலு பேருக்கு வழி காட்டலாம்ல?"

கேட்டவர் வீரபாகு அண்ணாச்சி. ஜவுளிக்கடையைப் பையன்களிடம் ஒப்படைத்துவிட்டு மலையடிவாரத்து மடத்தில் வந்து தங்கியவர்.

அவருடைய குரு வடிவம்மை. அண்ணாச்சிக்கு மகள் வயதுதான் இருக்கும். இவர் அம்மா என்பார், அந்த அம்மா அண்ணாச்சி என்பார். ரெண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

டவுனில் பையன்கள் கல்யாண மண்டபம் பிடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அப்பாவின் முதல் சொற்பொழிவு. புதுக் காவி வேட்டியும் வந்தாயிற்று. பாக்கி, குருவின் ஒரு வார்த்தைதான்.

வடிவம்மை கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்துக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கோழிகளெல்லாம் மடத்துக் கொல்லையில்தான் மேயும். சாமி கோழியை யார் அறுப்பார்கள்? முட்டை மட்டும் பால்வாடிப் பிள்ளைகளுக்குப் போகும்.

"இந்தக் கறுப்பி எங்கயோ களவா முட்டை வைக்குது. ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வாங்க. உத்தரவு தாரேன்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. மெய்ப்பொருளையே தேடுகிறவனுக்கு ஒரு கோழிமுட்டையா பெரிசு?

ஒரே ஒரு சிக்கல். அவர் சைவம். ஆயுசில் முட்டையைத் தொட்டதில்லை. துண்டு நுனியால் எடுத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை விறகுக் குவியல் பக்கம் கறுப்பி கொக்கரித்தது. அண்ணாச்சி ஓடினார். விறகை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் அடுக்கினார். தேள் இருந்தது. முட்டை இல்லை.

அதற்கடுத்த நாள் குளியலறைக் கூரையில் சத்தம். ஏணி போட்டு ஏறினார்.

கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம் என்று ஊரில் சொல்வார்களே, அது அவருக்குப் பாதி ஏணியில் ஞாபகம் வந்தது. ஞாபகம் வருகிற இடமா அது? கறுப்பி மேலேயிருந்து கழுத்தைச் சாய்த்து அவரைப் பார்த்தது. பிறகு அந்தப் பக்கமாகக் குதித்துப் போய்விட்டது.

பஞ்சாரக் கூடைக்குள் சிவப்பி அடைகாத்துக்கொண்டிருந்தது. கறுப்பி ஒருவேளை அங்கே இட்டுவிட்டுப் போயிருக்குமோ என்று கையை விட்டார். அடைக்கோழி சத்தம் போடாது, நேராகக் கொத்தும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்.

வடிவம்மை காயத்துக்கு மஞ்சள் வைத்துவிட்டார். அண்ணாச்சி பொரிந்து தள்ளினார். சத்தம் வந்த இடத்தையெல்லாம் சலித்துப் பார்த்தாயிற்று, இந்தக் கோழி வேண்டுமென்றே தன்னை ஏய்க்கிறது என்றார்.

"முட்டையிட்ட இடத்துல நின்னு எந்தக் கோழி கத்தும், அண்ணாச்சி?"

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஆவலும் வந்தது. அப்படியென்றால் அது எங்கேதான் இடும்?

மறுநாள் விடிந்ததிலிருந்து கறுப்பி பின்னாலேயே போனார். அது நடந்தால் நடந்தார். நின்றால் நின்றார். திரும்பிப் பார்த்தால், வேப்பமரத்தைப் பார்ப்பதுபோல நின்றார்.

அன்றைக்குக் கறுப்பி முட்டையே இடவில்லை. இப்படி ஒருத்தர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பாவம், யாருக்குத்தான் வரும்?

வெள்ளிக்கிழமை கார் வந்துவிட்டது.

உத்தரவு இல்லாமல் போக அண்ணாச்சிக்கு மனசில்லை. மண்டபத்தில் கூட்டம் சேர்ந்துவிடுமே என்ற பயமும் விடவில்லை. பையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், கடைசியாக ஒரு சுற்றுத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அலுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

கோழியை நினைக்கவில்லை. மண்டபத்தை நினைக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் தூங்கிவிட்டார்.

கண் விழித்தபோது, திறந்து கிடந்த பைக்குள்ளிருந்து கறுப்பி இறங்கிக்கொண்டிருந்தது. காவி வேட்டியின் மேல் ஒரு முட்டை.

துண்டு ஞாபகமே வரவில்லை. வெறுங்கையால் எடுத்தார். இளஞ்சூடாக இருந்தது.

அவ்வளவுதான், கத்திக்கொண்டே ஓடினார். மடப்பள்ளியில் சொன்னார். கிணற்றடியில் சொன்னார். வாசலுக்குப் போய் டிரைவரிடம் சொன்னார். தேடியபோது கிடைக்காதது சும்மா இருந்தபோது தானாக வந்ததே, இன்றைக்கு மண்டபத்தில் இதைத்தான் பேசப்போகிறேன் என்று கடைசியாக வடிவம்மையிடம் வந்து சொன்னார்.

வடிவம்மை முட்டையை வாங்கி வைத்தார். சொன்ன சொல் மாறாமல் திருநீற்றுத் தட்டை எடுத்தார்.

"கறுப்பி சத்தத்தையே காணோமே, அண்ணாச்சி. முட்டையிட்டா ஊரையே கூட்டுமே அது."

"அதை நான் எங்க கத்த விட்டேன், அம்மா? அதுக்கு முன்னாடி நான்தான்..."

அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார்.

கொல்லையில் கறுப்பி ஒன்றுமே நடக்காததுபோலக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

வடிவம்மை தட்டை நீட்டியபடியே இருந்தார். அண்ணாச்சி திருநீறு எடுக்கவில்லை. கும்பிட்டுவிட்டு வாசலுக்குப் போனார். டிரைவரிடம் ஏதோ சொன்னார். கார் அவர் இல்லாமல் திரும்பிப் போனது.

"என்ன சொல்லி அனுப்புனிய?"

"இன்னும் அடைக்கே உட்காரலைன்னு சொன்னேன், அம்மா."