பத்தாவது ஆள்

படுக்கையோடு கிடக்கிற பெரியவர்களுக்கு வீடு தேடிப் போய் முடிவெட்டுகிறவன் பேச்சிமுத்து. படுத்தவாக்கிலேயே தலை அலசிவிடத் தொட்டி வாங்கணும் என்று, மானிய மனுவோடு கடைசி நாளில் அரசு அலுவலகத்தின் மூணு மாடி ஏறினான்.

அதிகாரி தணிகாசலம் மனுவைப் புரட்டக்கூட இல்லை. "உன்கிட்ட முடிவெட்டிக்கிற பெரியவங்க பத்துப் பேரு சாயங்காலத்துக்குள்ள இங்க நேர்ல வந்து சொல்லணும். இல்லேன்னா மானியம் கிடையாது."

"சரிங்கய்யா. ஒன்பது பேரை நான் தூக்கிட்டு வந்துடுறேன். பத்தாவது ஆளை மட்டும் நீங்க தூக்கிட்டு வந்துருங்க."

"நான் எதுக்குய்யா தூக்கணும்? யாரு அவரு?"

"உங்க அப்பாதாங்கய்யா. நீங்க ஆபீஸ் கெளம்பி வந்தப்புறம் மாசாமாசம் அவருக்கு முடிவெட்டுறது யாருன்னு நெனச்சீங்க?"

தணிகாசலம் பேனாவைத் தேடி எடுத்து, மனுவின் சாட்சிக் கட்டத்தில் தன் பெயரையே எழுதினார். அப்புறம் பெரியவர்கள் யாரும் மாடி ஏற வேண்டியிருக்கவில்லை.