கண்மாய் இறக்கம்

வைரவன் மடத்துக்கு வரும்போதெல்லாம் சாமியிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"இந்தப் பாவம் எப்ப சாமி தீரும்?"

வைரவனுடைய பழைய காரில் முன்பக்க பிரேக் குழாய் ஒழுகியது. வீட்டிலேயே வண்டிக்கடியில் படுத்துப் புரண்டு புதுசு மாற்றினார். பின்பக்கக் குழாயும் துருப்பிடித்துத்தான் கிடந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார், பாவி மனுஷன். அந்தக் காலத்து வண்டி அது. ஒரு குழாய் போனால் எந்தச் சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. கண்மாய் இறக்கத்தில் அந்தப் பின்பக்கக் குழாய் வெடித்தது. மிதித்த பெடல் தரைவரை போனது. வண்டியின் இடப்பக்கம் புளியமரத்தில் மோதி, பக்கத்தில் இருந்த மனைவி உமையாள் அங்கேயே போய்விட்டாள். இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சாமி அவரைவிட வயதில் இளையவர். துறவுக்கு முன்னால் லாரி ஓட்டியவர். வண்டி எங்கே என்று மட்டும் விசாரித்தார். கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது என்றதும் கிளம்பி வந்துவிட்டார்.

இருவருமாக எல்லாக் குழாய்களையும் மாற்றினார்கள். உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி. சாமி காவி வேட்டியோடு வண்டிக்கடியில் படுத்தார். வைரவன் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். சாமி கீழே திருகைத் தளர்த்தி, காற்று வந்ததும் முடுக்குவார். அதற்குப் பிறகுதான் காலை எடுக்கலாம்.

திருகு தளர்ந்தது. பெடல் தரைக்கு இறங்கியது, அன்றைக்குப் போலவே. வைரவனின் கால் பதறி மேலே வந்துவிட்டது. போன காற்று மறுபடி உள்ளே ஏறியது.

இன்னொரு தடவையும் அப்படியே. வைரவன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். தன்னையும் அவளோடு சேர்த்து எரித்திருக்கலாம் என்றார்.

"அது கீழ போகத்தான் செய்யும்," என்றார் சாமி, வண்டிக்கடியிலிருந்து. "போகட்டும். காலை மட்டும் எடுக்காதீங்க."

பொழுது சாயும்போது பெடல் கல் மாதிரி நின்றது.

வைரவனுக்கு நிம்மதி வரவில்லை. இதை அன்றைக்கே செய்திருக்கலாமே என்ற நினைப்புதான் வந்தது.

"இப்பவாவது சொல்லுங்க சாமி. இது தீருமா?"

சாமி நசுங்கிய இடப்பக்கக் கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தார். உமையாளுக்குப் பிறகு யாரும் உட்காராத இடத்தில் உட்கார்ந்தார்.

"தீராது," என்றார். "என்னை மடத்துல விட்டுட்டு வாங்க. கண்மாய் இறக்கம் வழியாவே போங்க."